மூன்று கிலோமீட்டர் முறை

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஒட்டடைக்குச்சி எழுதுவது. தோல் உரிந்த மூக்கைத் தவிர மற்றபடி நான் நலம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அத்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பார். கலங்கரை விளக்கம் வரை எட்டு நாள் சைக்கிள் பயணம் என்று கிளம்பிய மனிதர் ஐந்தாம் நாளே பஸ்ஸில் வந்து இறங்கினால் நீ பயந்துபோவாய். அதனால்தான் இந்த ஊர்த் தபால் நிலையத்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். இங்கே பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள், கயிறு அரை முழம்தான்.

அத்தானுக்கு அடி கிடி எதுவும் படவில்லை. எல்லாம் காற்று செய்த வேலை. மூன்று நாள் நன்றாகத்தான் போயிற்று. நாலாம் நாள் உப்புவெளி. தொண்ணூறு கிலோமீட்டருக்கு ஒரு மரம் இல்லை, ஒரு சுவர் இல்லை, பாதி வழியில் ஒரே ஒரு டீக்கடை. காலை ஆறு மணிக்குச் சாலையில் ஏறியதுமே காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. பாலத்து இறக்கத்தில்கூட மிதித்தால்தான் சைக்கிள் நகர்ந்தது. மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் போனோம். அதற்கு நடந்தே போயிருக்கலாமே என்று நீ சிரிப்பாய்.

உனக்கு விளங்கும்படி சொல்கிறேன். எதிர்காற்றில் இரண்டு பேர் போனால் ஒருவர் முன்னால் போய்க் காற்றை உடைப்பார். மற்றவர் அவருடைய பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டே வருவார். பின்னால் வருகிறவருக்குப் பாதி உழைப்புதான். அதனால் முறை வைத்துக்கொண்டோம். மூன்று கிலோமீட்டர் அவர் முன்னால், மூன்று கிலோமீட்டர் நான். முறை முடிந்ததும் "மாத்து" என்று கத்த வேண்டும். தூரம் காட்டும் மீட்டர் என் சைக்கிளில் மட்டும்தான் இருக்கிறது. அத்தானுக்கும் ஒன்று வாங்கலாம் என்றேன். "ஊர் பூரா தண்ணி மீட்டர் பார்த்து எழுதுறவன் நீ. பழகின கண்ணு. நீயே பாத்துச் சொல்லு மாப்ளே, போதும்" என்றுவிட்டார்.

அன்று முழுக்க அப்படித்தான் மாறி மாறிப் போனோம். முறை தவறவில்லை. மாலை விடுதி வாசலில் இறங்கியபோது அத்தானால் கைப்பிடியை விட முடியவில்லை. விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். மறுநாள் காலையில், "நான் பஸ்ல போறேன். நீ போய்க் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துட்டு வா" என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது ஆகிறது இல்லையா, யாருக்கும் நடப்பதுதான்.

அவருக்குக் கால் பிடித்துவிடு. நிறையக் கேள்வி கேட்காதே, களைத்திருப்பார்.

உன் தம்பி

❖

மே 21

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ பத்திரமாக உன் ஊருக்குத் திரும்பியிருப்பாய் என்று நம்புகிறேன். மூக்குக்கு ஏதாவது தடவு, அப்படியே விட்டால் தழும்பு விழும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, சீருடைத் துணி மூட்டை மூட்டையாக வந்து குவிந்திருக்கிறது. தையல் மெஷினைவிட்டு எழ நேரமில்லை.

உன் அத்தான் வந்து சேர்ந்தார். சைக்கிளைத் துடைத்துப் பின்னறைச் சுவரில் சாய்த்து, மேலே பழைய போர்வையைப் போட்டு மூடினார். மூடின விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உன்னைப் புகழ்ந்து தள்ளுகிறார். "என் மச்சினன் இல்லேன்னா அந்த உப்புலயே விழுந்து கிடந்திருப்பேன். அவன் முறை வந்தா அலட்டிக்காம முடிச்சிட்டு நிக்கிறான். எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் எப்படா முடியும்னு ஆயிடுச்சு" என்கிறார். நீ இருக்கிற ஒல்லிக்கு உன் பின்னால் ஒளிந்தால் என்ன காற்று மறையும் என்று நான் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

இன்னொன்று. ஐம்பது வயது தாண்டிய லைன்மேன்களுக்கு மின்சார ஆபீஸில் வருடா வருடம் ஒரு விருப்பப் படிவம் கொடுப்பார்கள். கம்பம் ஏறும் வேலையிலேயே இருக்கிறாயா, கிடங்குக்குப் போய்ச் சாமான் பார்த்துக்கொள்கிறாயா என்று. ஒருமுறை கிடங்குக்கு என்று எழுதிக் கொடுத்தால் திரும்பக் கம்பம் ஏற முடியாது. போன வருடம் அந்தப் படிவத்தை நாலாக மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தார். இந்த வருடம் உட்கார்ந்து படித்தார். இரண்டு தடவை படித்தார். கடைசித் தேதி ஜூன் 30.

இருபத்தாறு வருடம் கம்பம் ஏறின மனிதர். அவரை ஒரு நாள் காற்று இப்படி ஆக்கிவிடுமா? அன்று என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் எழுது.

அன்புடன் அக்கா

❖

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, வேலை அதிகம். மூக்கு ஆறிவிட்டது.

கலங்கரை விளக்கத்தின் முன்னால் நான் சைக்கிளோடு நிற்கும் படத்தைப் பெரிதாக்கி ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் விடாமுயற்சி பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார். பேசினேன். கைதட்டினார்கள். உட்காரும்போது தெரியாமல் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன், எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று நடந்ததைத்தான் எழுதிவிட்டேனே, புதிதாக என்ன இருக்கிறது? பலத்த காற்று. அத்தானுக்கு முழங்காலில் ஏதாவது கோளாறு இருக்கலாம், டாக்டரிடம் காட்டு. படிவத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

தம்பி

❖

ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் நலமே. டாக்டரிடம் போனோம். முழங்கால் இரும்பு மாதிரி இருக்கிறதாம். "இந்த வயசுல இப்படி ஒரு நெஞ்சுத்துடிப்பா" என்று டாக்டரே கேட்டுக்கொண்டார். வெளியே வந்து, "பாருங்க, உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டாக்டருக்கு என்ன தெரியும். அன்னிக்கு அவன் மூணு கிலோமீட்டர் போனப்ப எனக்கு ரெண்டு மாதிரி இருந்துச்சு. நான் மூணு போனப்ப அஞ்சு மாதிரி இருந்துச்சு. மீட்டர் பொய் சொல்லுமா? என் காலுதான் பொய் சொல்லுது. கம்பத்து மேல உடம்பு சொல்றதை நம்பித்தான் அடி எடுத்து வைக்கிறோம். உடம்பு பொய் சொல்ல ஆரம்பிச்சவன் மேல ஏறக்கூடாது. ஏறினா கூட நிக்கிறவனையும் சேர்த்துக் கொன்னுடுவான்."

இதைச் சொன்ன மனிதர் அதற்குப் பிறகு சாலையில் போகும்போது கம்பங்களை அண்ணாந்து பார்ப்பதில்லை. முன்பெல்லாம் என்னோடு கடைக்கு வந்தால்கூட மேலே பார்த்துக்கொண்டே நடந்து யார்மீதாவது மோதுவார்.

தம்பி, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உன் மூன்று மூன்றுதானா? அவருடைய மூன்று மூன்றுதானா? நீ என் கையில் வளர்ந்தவன். நீ மென்று விழுங்குவது எழுத்திலேயே தெரிகிறது.

அக்கா

❖

ஜூன் 19

தம்பிக்கு,

நலமா? எட்டு நாளாகப் பதில் இல்லை. படிவத்துக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது.

அக்கா

❖

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே கூசுகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

அத்தானுடைய கால் பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

முதல் தடவை வேண்டுமென்று செய்யவில்லை. கண்ணில் உப்புத்தூள் விழுந்துவிட்டது. மீட்டரில் இரண்டு புள்ளி நாலு. தாங்க முடியாமல் "மாத்து" என்று கத்திவிட்டேன். அத்தான் ஒரு வார்த்தை கேட்காமல் முன்னால் வந்தார். அடுத்த முறையில் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் மூன்றைத் தொட்டபோது எனக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை. அவர் முதுகு எவ்வளவு அகலம் என்று உனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் காற்றே இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றரையில்தான் கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பழகிவிட்டது. என் முறை இரண்டு, அவர் முறை நாலு, மதியத்துக்கு மேல் ஐந்து. சாலையை அகலப்படுத்துகிறார்கள் என்று கிலோமீட்டர் கற்களையெல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அத்தான் கையில் கடிகாரமும் கட்டுவதில்லை, கம்பியில் கை வைக்கிறவன் உடம்பில் உலோகம் கூடாது என்று. அந்த வெளியில் கணக்கு என்று இருந்தது என் மீட்டர் ஒன்றுதான். மொத்தத் தொண்ணூறில் அவர் அறுபத்திரண்டு முன்னால் போனார், நான் இருபத்தெட்டு. அவ்வளவு தூரம் அந்தக் காற்றை ஒரு ஆள் உடைப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதையும் அவர் பின்னால் ஒளிந்துகொண்டுதான் பார்த்தேன்.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. அந்த டீக்கடையில் அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "என்ன மாப்ளே, உன் மூணு கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடியுது, என் மூணு ஜவ்வா இழுக்குது. எனக்கு வயசாயிடுச்சோ?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் "ஆமா அத்தான், வயசு ஆகுதில்ல" என்று சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தேன். அதோடு விட்டேனா? "அடுத்த முறை உங்களுக்காக நான் நாலு போறேன்" என்று பெருந்தன்மை வேறு. இரண்டரையில் "மாத்து" என்றேன். "நன்றிடா" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார்.

அந்த நன்றியை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. தினமும் நாற்பது வீட்டில் மீட்டர் பார்த்து எழுதுகிறேன். ஒவ்வொரு மூடியைத் திறக்கும்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

அக்கா, இந்தக் கடிதத்தை அப்படியே அவரிடம் கொடு. கையெழுத்துப் போடுவதற்குள் கொடு. நேரில் வந்து சொல்லத் தைரியம் இல்லாத பயல் என்று நீ திட்டினாலும் சரிதான்.

தம்பி

❖

ஜூலை 6

தம்பிக்கு,

உன் கடிதம் இருபத்தைந்தாம் தேதி வந்தது. அவர் முப்பதாம் தேதி கையெழுத்துப் போட்டார். நான் கொடுக்கவில்லை.

படித்ததும் உன்மேல் வந்த ஆத்திரத்துக்கு நீ மட்டும் கையில் கிடைத்திருந்தால், துணி அளக்கும் மரக்கோல் உடைகிற வரை விளாசியிருப்பேன். வாசலுக்குப் போய் அவர் வருகிறாரா என்று பார்த்தேன். அப்போது மழை தூறியது. அதுதான் என்னைக் கெடுத்தது.

மழை வந்தால் எல்லார் வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார்கள். என் வீட்டு மனிதர் மட்டும் இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஒன்பது வருடத்துக்கு முன் அவரோடு போனவரைக் கம்பியிலிருந்து எப்படி இறக்கினார்கள் என்று உனக்குத் தெரியும். அன்றிலிருந்து இடி இடித்தால் நான் துணியை நேராகத் தைத்ததில்லை. "இறங்கிடுங்க" என்று ஒரு தடவைகூட நான் அவரிடம் சொன்னதில்லை, அந்த வேலை அவருக்கு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். இப்போது நான் கேட்காமலே அவர் இறங்கி வருகிறார். நடுவில் உன் கடிதம்.

மெஷின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தேன். நாளைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்றே ஐந்து நாள் போயிற்று. முப்பதாம் தேதி காலை அவர் என் மெஷின் பலகையில் படிவத்தை விரித்தார். பேனா எழுதவில்லை. "வேற பேனா இருக்கா?" என்றார். பேனாவும் அந்த இழுப்பறையில்தான் இருந்தது. நானே திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

உனக்கு வந்த அதே வெட்கம் எனக்கும் வந்துவிட்டது, போதுமா? நீ ஒரு பகல் ஏமாற்றினாய், நான் ஐந்து பகல். உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நீ அவருக்கு எதுவும் எழுதாதே. இப்போது தெரிந்தால் உன்னை மட்டும் இல்லை, என்னையும் அவர் பழையபடி பார்க்க மாட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

❖

ஆகஸ்ட் 2

மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் சுகம், நானும் சுகம், உன் அக்கா ரொம்ப சுகம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கிடங்கில் மேசை, பேனா, பேப்பர் எல்லாம் வேலையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள், சும்மா வைத்திருப்பானேன் என்று எழுதுகிறேன்.

கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் குழல்விளக்கு எரிகிறது. காலையில் பையன்கள் வந்தால் பெல்ட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பெல்ட்டையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். "கிழவர் கிளம்ப விடமாட்டேங்கிறாரு" என்று முணுமுணுக்கிறார்கள். மீதி நேரம் பீங்கான் இன்சுலேட்டர்களைத் துடைத்து அடுக்குகிறேன். போன வாரம் துடைத்ததையே இந்த வாரமும் துடைத்தேன். மழை வந்தால் கிடங்கு வாசலில் போய் நிற்கிறேன். வண்டி போவதைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறேன்.

உன் கதையைப் பையன்களுக்குச் சொன்னேன். கொசு மாதிரி இருக்கிறவன், எனக்காக ஒரு முறை நாலு கிலோமீட்டர் போனான் என்றேன். நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

என் சைக்கிளை உனக்கே அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன். லாரி ஆபீஸில் விசாரித்துவிட்டேன். இங்கே போர்வைக்குள் துருப்பிடிப்பதற்கு, முன்னால் போகத் தெம்பு இருக்கிறவன் ஓட்டட்டும். வேண்டாம் என்று சொல்லாதே.

அத்தான்

❖

ஆகஸ்ட் 14

அத்தானுக்கு,

வணக்கம். வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் கிடங்கு விலாசத்துக்கு எழுதுகிறேன். தயவுசெய்து தனியாக இருக்கும்போது படியுங்கள்.

சைக்கிளை எனக்கு அனுப்பாதீர்கள். அதைத் தொட எனக்கு அருகதை இல்லை. உப்புவெளியில் நான் மீட்டரைப் பார்த்துப் பொய் சொன்னேன். என் முறையில் இரண்டிலேயே "மாத்து" என்றேன். உங்கள் முறையில் நாலு, ஐந்து வரும்வரை வாயைத் திறக்கவில்லை. நீங்கள் அறுபத்திரண்டு கிலோமீட்டர், நான் இருபத்தெட்டு. நாலு போகிறேன் என்று சொன்ன முறையில் இரண்டரைதான் போனேன். உங்கள் காலில் ஒரு குறையும் இல்லை. அன்று உங்களுக்கு ஐந்து மாதிரி இருந்தது ஐந்தேதான்.

ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லும்படி காரணம் ஒன்றும் இல்லை. கஷ்டமாக இருந்தது, உங்கள் முதுகு முன்னால் இருந்தது, அவ்வளவுதான். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றால் பயம். நீங்கள் கையெழுத்துப் போடும்வரை பயந்தேன், போட்ட பிறகு இன்னும் பயந்தேன். நீங்கள் இப்போது பையன்களிடம் என்னைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று படித்ததும் கூனிக் குறுகிப் போனேன்.

அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. தவறு முழுக்க என்னுடையது.

உங்கள் மச்சினன்

❖

செப்டம்பர் 5

மாப்பிள்ளைக்கு,

சுகம். மூன்று வாரம் பதில் போடவில்லை. பேனாவை எடுத்தால் கெட்ட வார்த்தையாகவே வந்தது.

உன் கடிதத்தைப் படித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை போர்வையை எடுத்துவிட்டுச் சைக்கிளை வெளியே உருட்டினேன். கிலோமீட்டர் கல் நட்ட சாலையாகப் பார்த்துப் போனேன். நல்ல எதிர்காற்று. கல்லைப் பார்க்காமல் மிதிப்பேன், மூன்று ஆயிற்று என்று கால் சொன்னதும் நிமிர்ந்து பார்ப்பேன். ஏழு தடவை பார்த்தேன். ஏழு தடவையும் கல் பக்கத்தில் நின்றது. எட்டாவது தடவை போகவில்லை, கல்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது, உன்மேல் வெறியும் வந்தது.

ஆபீஸில் விசாரித்தேன். போட்ட கையெழுத்து போட்டதுதான். என் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்கள்.

கிலோமீட்டரை நான் பெரிதுபடுத்தவில்லை. அந்தக் காற்றில் எவனுக்கும் புத்தி கெடும். டீக்கடையில் உன்னைக் கேட்டேனே, அதற்கு நீ "ஆமா" என்றாயே, அதுதான் என்னால் முடியவில்லை. கீழே நிற்கிறவன் "லைன் ஆஃப்" என்று சொன்னால் இருபத்தாறு வருடம் மறுபேச்சில்லாமல் கம்பியில் கை வைத்தவன் நான். அப்படி நம்பித்தான் உன்னையும் கேட்டேன். மன்னித்தேன் என்று எழுதினால் நானும் பொய் சொன்னவன் ஆவேன்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். அக்காவுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். இனியும் தெரிய வேண்டாம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இப்போதுதான் அவள் மழை பெய்தால் கண்ணை மூடித் தூங்குகிறாள். நான் வயசாகித்தான் இறங்கினேன் என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும். இல்லாவிட்டால் அந்தத் தூக்கமும் போய்விடும். உன்னைப் பிள்ளை மாதிரி வளர்த்தவள், நீ செய்தது தெரிந்தால் தாங்கமாட்டாள். சொல்லாமல் இருக்க உனக்குத் தெரியும்தானே.

லீவுக்கு வழக்கம்போல வா. அவள் முன்னால் நான் "வா மாப்ளே" என்பேன். நீயும் வழக்கம்போலச் சிரிக்க வேண்டும்.

அத்தான்

❖

செப்டம்பர் 24

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? ஜூலைக்குப் பிறகு நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

உன் அத்தான் திரும்பவும் சைக்கிளை எடுக்கிறார். ஞாயிறு தவறாமல் எங்கோ போய் வியர்த்து வழிய வருகிறார். முகத்தில் பழைய தெளிவு இருக்கிறது. என்னிடம் முன்பைவிடப் பிரியமாகப் பேசுகிறார். அதுதான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. எனக்கு இப்போதெல்லாம் மழைக்குத் தூக்கமே வருவதில்லை, அந்தப் பேனா ஞாபகம் வந்துவிடுகிறது. கண்ணை மட்டும் மூடிக்கொண்டு படுத்திருந்தேன். நான் தூங்குகிறேன் என்று நினைத்து அவர் அடிமேல் அடி வைத்து வந்து, சத்தம் கேட்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார். நான் அப்படியே படுத்துக் கிடந்தேன்.

நீ அவருக்கு ஏதாவது எழுதினாயா? உண்மையைச் சொல்.

லீவு எப்போது? வா. வராமல் இருந்தால் அவர் ஏன் என்று கேட்பார்.

அக்கா

❖

அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்கிறீர்கள் என்று படித்ததில் ஆறுதல்.

நீ கேட்டதற்குப் பதில், இல்லை. அத்தானுக்கு நான் எதுவும் எழுதவில்லை. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அப்படித்தான், கொஞ்ச நாள் வெறுத்து ஒதுக்குவார்கள், பிறகு தானாகவே எடுப்பார்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. நீ மழைக்கு நன்றாகத் தூங்கு.

லீவு பதினெட்டாம் தேதி ஆரம்பம். அன்று மாலை பஸ்ஸில் வருகிறேன். அத்தானிடம் சொல்லிவிடு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வரும்போது நீ வாசலிலேயே நில். துணி இருக்கிறது, அடுப்பு எரிகிறது என்று என்னை அவரிடம் தனியாக விட்டுவிட்டு உள்ளே போய்விடாதே.

உன் தம்பி